படுத்தபடியே மணப்பாடு போக ஒரு வண்டி

1

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக்காரர் வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார். குடும்பத்தோடு மடு மாதா கோயிலுக்குப் போகிறார்களாம். ஒரு வாரம் அங்கேயே தங்கல். லாரி பிடிப்பதா, வேன் பிடிப்பதா, வண்டியிலேயே படுத்துக்கொள்வதா, கூடாரம் போடுவதா என்று அவருக்கும் மனைவிக்கும் மூன்று நாளாக வாக்குவாதம்.

"உங்களைக் கேட்கச் சொன்னாள் உங்கள் மகள். ஊரில் நீங்கள் வாடகை வண்டியிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறீர்களாமே?" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு ஆச்சரியம் வண்டியைப் பற்றி அல்ல. என் மகள் ஐரீன் தூத்துக்குடியைப் பற்றி அடுத்த வீட்டில் போய்ப் பேசியிருக்கிறாள் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் யாராவது உன் சொந்த ஊர் எது என்று கேட்டால் "கொழும்பு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிற பிள்ளை அவள்.

வேலியோரம் நின்றே அவருக்கு யோசனை சொன்னேன். வண்டியைப் பார்க்கிறதற்கு முன்னால், உங்கள் வீட்டில் பயணம் யாருக்குக் கஷ்டம் என்று பாருங்கள். அந்த ஆளுக்கு எது சரிப்படுமோ அதைப் பிடியுங்கள். மற்றவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்ட இந்த ஞானம் எனக்கு வந்த விதத்தை ஊரில் உள்ள உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா மறுபடி நெருங்குகிறது. சரியாக ஒரு வருடம்.

2

உலக யுத்தம் நடந்த வருடங்களில் நாங்கள் ஊருக்கு வரவில்லை. வர முடியவில்லை என்பது பாதி. துறைமுக ஆபீசில் லீவு கேட்கப் பயம் என்பது மீதி. யுத்தம் முடிந்த பிறகும் ஒவ்வொரு காரணமாகத் தள்ளிப்போய், போன வருடம்தான் என் மனைவி பிலோமினாவையும் ஐரீனையும் கூட்டிக்கொண்டு தலைமன்னார் வழியாகப் புறப்பட்டேன். தனுஷ்கோடியில் பெட்டியைக் கிளறிய சுங்க அதிகாரி, "எந்த ஊர்?" என்று கேட்டார். நான் தூத்துக்குடி என்றேன். அதே நேரத்தில் என் பக்கத்திலிருந்து ஐரீன் கொழும்பு என்றாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு குடும்பந்தானே?" என்றார்.

ஊரில் எனக்கு மிஞ்சியிருந்தது என் தங்கை செசிலி ஒருத்திதான். விதவை. இரண்டு வருடத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு ஒருவழியாகக் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் உட்கார்ந்தால் வலி உயிர் போய்விடும். ஆகவே கட்டிலே கதி. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து குளிப்பாட்டிச் சோறு கொடுத்துவிட்டுப் போவாள்.

பெற்ற மகள் ஒருத்தி இருந்தாள், ரெஜினா என்று. அவள் மணப்பாட்டுத் தோணிக்காரன் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டிக்கொண்டாள். செசிலி கல்யாணத்துக்குப் போகவில்லை. தாய் விழுந்து கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ரெஜினா ஓடிவந்தபோது, கட்டிலில் கிடந்தபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "யாரோ வந்திருக்காவ, வாசக்கதவச் சாத்துங்க" என்று சொன்னாளாம். ரெஜினா அன்றைக்குப் போனவள்தான்.

நாங்கள் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் செசிலி என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அண்ணே, மணப்பாட்டுக் கோயில்ல கொடியேறப் போவுதாம்லா. என்னைய அங்க கொண்டுபோவணும்."

"நீ எப்படி வருவ?"

"அது உம் பாடு. கொழும்புல கப்பல்ல எவ்வளவோ ஏத்துதிய, எறக்குதிய. என்னைய ஒரு வண்டில ஏத்தத் தெரியாதா?"

"திருவிழாவுக்கு மட்டுந்தானா?"

"பெறகு என்னத்துக்கு?" என்று மறுபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ரெஜினாவுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதமாகியிருந்தது. அது தெருவுக்கே தெரியும். செசிலிக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்றைக்கே ரெஜினாவுக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டேன். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்ன கிழமை வாக்கில் வந்து சேருவோம், வேறொன்றும் கேட்காதே என்று. பதில் வரவில்லை.

3

திருவிழா நாட்களில் மணப்பாட்டில் ஒரு திண்ணைகூடக் காலி கிடைக்காது. வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்த வண்டியிலேயே குடியிருப்பார்கள். ஆகவே எங்களுக்கு வேண்டியது போக்குவரத்துக்கு ஒரு வண்டி மட்டுமல்ல. பத்து நாளைக்குச் சமைத்து, தூங்கி, ஒரு நோயாளியையும் வைத்துக்கொள்ளக்கூடிய வீடு. நான் ஊர் முழுக்க விசாரித்தேன். ஆளுக்கொரு யோசனை.

பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பு வாயுவில் ஓடும் பஸ் ஒன்றை மொத்தமாகப் பேசலாம் என்றார் ஒருவர். நீளமான வண்டி, ஆனால் டிரைவர் பாதி வழியில் நிறுத்தி அடுப்பைக் கிண்டிக்கொண்டிருப்பான். சீட்டுகளைக் கழற்ற முதலாளி சம்மதிக்கவில்லை.

வில் வண்டி வைத்திருந்த ஒருவர் தன் வண்டியில் உட்கார்ந்தால் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி என்றார். உண்மைதான். ஆனால் உட்காரத்தான் இடம். செசிலி கால் நீட்டினால் பாதம் மாட்டின் வாலைத் தொடும்.

தோணியில் போனால் குலுங்காது என்று பிலோமினா சொன்னாள். அதை நான் செசிலியிடம் சொன்னேன்.

"எவன் தோணி?" என்றாள்.

"எவன் தோணியா இருந்தா என்ன?"

"அண்ணே, நான் கெடக்கது கட்டில்லதான். ஆனா மூளை கெடக்கல்ல. நீ யார் தோணியச் சொல்லுதன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேச்ச விடு."

எனக்கோ காரில்தான் போகவேண்டும் என்று ஆசை. வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். பதினெட்டு வருடம் கொழும்பில் வேலை பார்த்தவன், தங்கையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான் என்று ஊர் சொல்லக்கூடாது என்று இருந்தது.

4

கார் கிடைத்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. கூப்பனுக்கு மனுப் போட்டேன். அந்த ஆபீசில் மூன்று நாள் பெஞ்சியில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் குமாஸ்தா என் மனுவை எடுத்துப் பார்த்தார்.

"நீங்க இலங்கைவாசின்னு எழுதியிருக்கிய. இங்க உள்ளவங்களுக்குத்தான் கூப்பன்."

"நான் பிறந்தது இங்கன, பெரிய கோயில் தெருவிலதான் ஐயா."

"அப்பம் ஏன் கொழும்பு அட்ரஸ் போட்டிருக்கிய?"

"அங்க வேலை."

"அப்பம் அங்கதான வாங்கணும்?"

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது கொழும்பிலும் நிலைமை இதுதான். ஒரு பாரத்தில் எந்த நாட்டான் என்று கேட்கிறார்கள். அதை நிரப்பிக் கொடுத்தால் அதற்குச் சாட்சி இன்னொரு பாரம். போன வாரங்கூட ஆபீஸ் முடிந்து டிராம் ஏறாமல் நடந்தே போய் ஒரு கையெழுத்துக்காக நின்றேன். முன்னெல்லாம் இதற்குக் கோபம் வரும். இப்போது கையில் ஒரு புத்தகத்தோடு போய் நிற்கப் பழகிவிட்டேன்.

கடைசியில் கார்க்காரர் தன் கோட்டாவிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் ஊற்ற ஒப்புக்கொண்டார். முதலில் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்ப்போம் என்று செசிலியை நானும் கார்க்காரரும் தூக்கிப் பின்சீட்டில் சாய்த்தோம். தலையணை மூன்று வைத்தோம். கார் நகர்ந்தது. செசிலி சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். தெரு திரும்புகிற இடத்தில் ஒரு பள்ளம். அதில் சக்கரம் இறங்கி ஏறியபோது அவள் கண் செருகிவிட்டது.

தண்ணீர் தெளித்து எழுப்பினோம். கண்ணைத் திறந்தவள், "காரு நல்லாத்தான் இருக்கு அண்ணே. நீ ஏறிக்க. என்னைய எறக்கு" என்றாள்.

அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டோம். என்னுடைய பவிசுக்காக அவளை அந்தச் சீட்டில் உட்கார வைத்தேன் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் அதை இன்றுவரை சொல்லிக்காட்டவில்லை.

5

மறுநாள் பொன்னையா அண்ணாச்சி வந்தார். ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டுபோய் ஸ்ரீவைகுண்டத்தில் இறக்கிவிட்டு நெல்லோடு திரும்புகிறவர். ஐம்பது வயதிருக்கும். நான் வண்டி தேடி அலைவதை யாரோ சொல்லிக் கேட்டு வந்திருந்தார். பாரம் ஏற்றுகிற அவருடைய இரட்டைமாட்டு வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"நீளம் ஒம்பதடி. சக்கரப்பட்டை அகலம், மணல்ல பொதையாது. மேல பாய் போட்டுக் கூண்டு கட்டித்தாரேன். அடில அடுப்பு, சட்டி பானை எல்லாம் தொங்கவிட்டுக்கிடலாம். ஆனா ஒண்ணு, பொய் சொல்லமாட்டேன். குலுக்கும். உப்புமூட்டை வலிக்குன்னு சொல்லாதுல்லா, அதனால நாங்க வில்லு வைக்கல்ல."

வைக்கோல் பரப்பி மெத்தை போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். நான்கு பக்கமும் யோசித்தபடி நாங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

ஐரீன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எப்போது திரும்புவோம் என்று தினமும் கேட்டாள். அவள் பேசுகிற தமிழைத் தெருப்பிள்ளைகள் பேசிக்காட்டிச் சிரித்ததால் வாயைத் திறப்பதையே விட்டிருந்தாள்.

"அப்பா, மாமிக்கு ஏணை கட்டினா என்ன?" என்றாள் திடீரென்று.

"ஏணியா? ஏணி எதுக்கு தாயி? நாம தூக்கியே ஏத்திருவமே" என்றார் அண்ணாச்சி.

ஐரீன் முகம் சிவந்து உள்ளே திரும்பப் பார்த்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏணின்னு சொல்லல்ல அண்ணாச்சி. ஏணைன்னா அங்க தொட்டில். சொல்லு ஐரீன்."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தனுஷ்கோடியிலிருந்து வந்த ரயிலில் ஒரு பெண் மேல்தட்டுக்கு மேல்தட்டு சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டிருந்தாளாம். ரயில் போட்ட ஆட்டத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தார்களாம். "அந்தப் பிள்ளை மட்டும் நல்லா நித்திரை கொண்டுச்சு. கரத்தையில மாமின்ர கட்டிலையும் அப்பிடிக் கட்டினா?"

கரத்தை என்றால் வண்டி என்று அண்ணாச்சிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கண் ஏற்கெனவே வண்டியின் நான்கு மூலையையும் அளந்துகொண்டிருந்தது.

"நல்லாச் சொல்லுதியே தாயி! கூண்டு மூங்கில் தாங்காது. நாலு மூலைக்கும் பூவரசங் காலு நடணும். கட்டிலோட நடு சரியா அச்சுக்கு மேல வரணும், அங்கதான் தூக்கல் கம்மி. பக்கவாட்டுல ஆடாம இருக்கக் கீழயும் தளர்வாக் கயிறு."

உள்ளேயிருந்து செசிலியின் குரல் வந்தது. "ஏளா, அந்தக் கொழும்புக்காரி என்ன சொல்லுதா? இங்கன வந்து சொல்லச் சொல்லுங்க! மாமின்னா யாரோ மாதிரி இருக்கு, அத்தைன்னு கூப்புடச் சொல்லுங்க!"

ஐரீன் உள்ளே போனாள். அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். கட்டிலின் நீள அகலத்தை அவளே முழம் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

கால் நட்டுக் கட்டிலைக் கட்டி முடித்ததும், முதலில் அந்தத் தொங்கும் கட்டிலில் என்னைப் போட்டு அதே தெருப்பள்ளத்தில் வண்டியை இறக்கச் சொன்னேன். வண்டி ஆடியது. கட்டில் மெதுவாக ஒரு தடவை மிதந்து நின்றது. கிடந்தபடியே சிரித்துவிட்டேன்.

6

புறப்பட்டதிலிருந்து நான்கு நாளும் எங்கள் வீடு அந்த வண்டிதான். பழையகாயலில் ஒரு புன்னைமர நிழலில் முதல் தங்கல். வண்டியின் அடியில் தொங்கிய சட்டி பானைகளை இறக்கி, மூன்று கல்லை வைத்துப் பிலோமினா பொங்கினாள். "இது குசினி, மேல படுக்கையறை, முன்னால உம்ம ஆபீஸ்" என்று அவள் கையைக் காட்டினாள். கொட்டாஞ்சேனை வீட்டை விட இது பெரிது என்றேன். யுத்தத்துக்குப் பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

நானும் அண்ணாச்சியும் பெரும்பாலும் நடந்தோம். ஐரீன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செசிலிக்கு விசிறினாள். இரண்டு பேருக்கும் ஓயாத பேச்சு. செசிலி "அங்கன பாரு, அதுதான் உப்பளம்" என்பாள். ஐரீன் ஆமாம் என்பதற்கு "ஓம் அத்தை" என்பாள். "ஓமாம் ஓம்! செபமா சொல்லுத?" என்று செசிலி கேலி செய்வாள். ஆறுமுகநேரி தாண்டுவதற்குள் ஐரீன் "என்னத்த?" "அங்கன" என்று பேச ஆரம்பித்திருந்தாள். செசிலி ஒரு இடத்தில் தன்னை மறந்து "ஓம்" என்றதையும் நான் கேட்டேன்.

வலி இல்லாமல் இல்லை. கல்ரோட்டில் முகம் சுருங்கும். அப்போதெல்லாம் அண்ணாச்சி மாட்டை நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவார். உண்மையில் அதற்கு எண்ணெய் தேவைப்படவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு வலி வேறு. கார்டுக்குப் பதில் வரவில்லையே? அங்கே போய் இறங்கியதும் ரெஜினா வாசற்கதவைச் சாத்திக்கொண்டால், இவ்வளவு தூரம் இவளைக் கொண்டுவந்து என்ன பலன்? பிலோமினாவிடம் சொன்னேன். "சாத்தினா சாத்தட்டும். வண்டி இருக்குல்லா, பத்து நாள் இதுலயே இருப்போம். ஒரு நாளாவது தொறப்பா" என்றாள்.

நான்காம் நாள் காலையில் குலசேகரப்பட்டினத்துக் கிணற்றடியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் புறப்பட்டோம். அந்த ரோட்டில் திருவிழாவுக்குப் போகும் ஜனம் வரிசையாக நடந்துகொண்டிருந்தது. அதனால் நான் யாரையும் தனியாகக் கவனிக்கவில்லை. செசிலியின் தலை மாட்டுப்பக்கம், கால் பின்பக்கம். படுத்தபடி அவள் பார்க்கக்கூடியது வண்டியின் பின்வாசலும் ரோடும்தான்.

கொஞ்சதூரம் போனதும் ஐரீன் பின்னால் குதித்து இறங்கி என்னிடம் ஓடிவந்தாள்.

"அப்பா, ஒரு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கே நடந்து வாறா. கிணத்தடியிலயிருந்து வாறா. கிட்டயும் வரேல்ல, விலகிப் போகவுமில்ல. அத்தை அவவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறா. ஒண்டும் பேசுறாவில்ல."

நான் திரும்பிப் போனேன். ரெஜினாதான். மெலிந்திருந்தாள். இடுப்பில் பிள்ளை, தலையில் முக்காடு. வண்டிக்குப் பத்தடி பின்னால், மாடு எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் குலசேகரப்பட்டினத்துக்கு வந்து வந்து ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். என் கார்டுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாளாம். இதெல்லாம் பிறகு சொன்னது. அப்போது என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் காலை எடுத்து ஓரடிகூட முன்னால் வைக்கவில்லை. போன தடவை வாசலில் நின்று கேட்ட வார்த்தை அவளுக்கு மறந்திருக்காது.

வண்டிக்குள் செசிலியைப் பார்த்தேன். கட்டிலின் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நானாகப் பேசிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வண்டி இன்னும் கொஞ்சம் போயிற்று.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் செசிலி.

அண்ணாச்சி நிறுத்தினார். ரெஜினாவும் நின்றாள்.

"ஏளா ரெஜினா, பிள்ள தலைல வெயில் அடிக்கி பாரு. ஏறு."

7

அந்தப் பத்து நாளும் வண்டி மணப்பாட்டுக் கடற்கரையில், குன்றின் மேலுள்ள கோயில் தெரிகிற இடத்தில் நின்றது. ரெஜினாவின் வீட்டு வாசல் குறுகல், கட்டில் நுழையாது. அதனால் ரெஜினாதான் பிள்ளையோடு வண்டிக்குக் குடிவந்தாள். நாங்கள் வெளியே பாய் விரித்துக்கொண்டோம். செசிலி பிள்ளையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு தொங்கும் கட்டிலைக் காலால் உந்தி உந்தி ஆட்டினாள். இரண்டு வருடமாக அந்தக் காலை அவள் அசைத்ததில்லை. அது அவளுக்கே தோன்றவில்லை. பிலோமினாதான் பார்த்து என்னை இடித்துக் காட்டினாள்.

மருமகன் ஒவ்வொரு மாலையும் மீனோடு வந்து, வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, மீனை ஐரீனிடம் கொடுத்துவிட்டுப் போவான். செசிலி அவனை "வா" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. குழம்பை மட்டும் சாப்பிட்டாள்.

திருவிழா முடிந்து அண்ணாச்சி மாட்டைப் பூட்ட வந்தபோது, "நீங்க போங்க. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். வாசல அகலப்படுத்தச் சொல்லியிருக்கு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை. புறப்பாட்டைத் தள்ளிவைத்தோம். மறுநாள் மருமகன்தான் கடப்பாரையோடு வந்து வாசலை இடித்தான்.

ஊரிலிருந்து தபால் இப்போது மாதம் ஒன்று வருகிறது. ரெஜினா எழுதும் காகிதத்தை ஐரீன்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். கடற்கரைப் பேச்சு எழுத்தில் வருகிற இடங்களில் நிறுத்தி, செசிலியின் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். போன வாரம் வந்ததில் இப்படி இருந்தது. இந்தத் தடவை காற்று சரியில்லையாம். மருமகனுடையதோடு சேர்த்துக் கடலுக்குப் போன தோணிகள் சொன்ன நாளில் திரும்பவில்லையாம். ரெஜினா பயந்துபோய்க் குசினியில் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அப்போது முன்னறையில் என்னவோ உருளுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், செசிலி கட்டிலை விட்டு இறங்கி, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்தாளாம். கடலைப் பார்த்தபடி சத்தம் போட்டாளாம்:

"ஏளா, மாப்பிள்ள தோணி வருது! அழுதுக்கிட்டு இருக்காம உலைய வை!"